ஏழு நாற்பதுக்கு நன்றியுரை

வாசலில் நிறுத்தியிருந்த மின்சாரப் பொம்மை மறுபடியும் குனிந்து கும்பிட்டது. குவித்த கைகளுக்கு நடுவிலிருந்து பன்னீர் புஸ்ஸென்று பீய்ச்சியது, உள்ளே வந்த நாலு பேரும் சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார்கள், பொம்மைக்குப் பக்கத்தில் நின்ற கோமதிநாயகமும் கைகளைக் குவித்துக் குனிந்தார். பொம்மையைவிட அரை நொடி தாமதம். பாளையங்கோட்டையில் இந்த மண்டபம் திறந்து ஆறு மாதம்தான் ஆகிறது, எல்லாம் பளபளவென்று இருந்தது, வாசலிலிருந்து பார்த்தால் மேடைக்கு மேலே இருந்த பெரிய கடிகாரம் நேராகத் தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேதான் போனது. ஆறு ஐம்பத்திரண்டு. காலையில் தாலி ஏறிவிட்டது, மகள் வாசுகி இனி இன்னொரு வீட்டுப் பெண், அந்த நேரத்தில்கூடக் கண் இப்படிக் கடிகாரத்துக்குப் போகவில்லை. சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. இன்றைய வரவேற்பில் என்னென்ன எப்போது என்று அதில் அச்சடித்திருந்தது. ஏழு மணிக்குக் கேக், ஏழு இருபதுக்கு நண்பர்கள் நடனம், ஏழு நாற்பதுக்கு மணமகளின் தந்தை நன்றியுரை. என்றைக்கு வந்தது இந்த வழக்கம்? பெண்ணைப் பெற்றவன் வாசலில் நிற்பான், கும்பிடுவான், பந்தியில் நடந்து இலையை எட்டிப் பார்ப்பான், போகிறவர்கள் கையில் தாம்பூலப் பையைக் கொடுத்து மறுபடியும் கும்பிடுவான். அத்தனைக்கும் கை போதும். வாய் வேண்டாம். வாய் வேண்டாம் என்பதற்காகவே யாரோ ஒரு புண்ணியவான் அந்தச் சடங்குகளை எல்லாம் ஏற்படுத்தி வைத்திருக்க வேண்டும், அவனுக்கும் திக்கியிருக்குமோ என்னவோ.

கோமதிநாயகத்துக்குத் திக்குவாய். ஐந்து வயதில் தொடங்கியது, ஐம்பத்தொன்பதிலும் விடவில்லை. வீட்டுக்குள் மனைவி வடிவோடும் மகளோடும் பேசும்போது அங்கங்கே தடுக்கும், அவ்வளவுதான். புதிய முகம் ஒன்று எதிரே வந்துவிட்டால் தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவார்கள். க வராது, ச வராது, த வராது, ப வரவே வராது. அவர் பெயரே கோ என்ற எழுத்தில் தொடங்கித் தொலைத்தது. மின்வாரியத்தில் மீட்டர் சோதிக்கிற கூடத்தில் முப்பத்திரண்டு வருஷமாக வேலை, மீட்டர் யாரையும் பெயர் கேட்பதில்லை. இரண்டு முறை வந்த பதவி உயர்வை உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துத் தள்ளிவிட்டார், மேலே போனால் டெலிபோன் உண்டு. அக்கா கல்யாணத்தில் அவருக்கு இருபத்திரண்டு வயது, மாமா ஒருவர் வெள்ளிப் பன்னீர்ச் சொம்பைக் கையில் கொடுத்து வாசலில் நிறுத்தினார். வந்தவர்கள் நானூறு பேர் இருக்கும், நானூறு பேரையும் அவர் ஒருவரே வரவேற்றார், ஒரு சொல் பேசாமல். தலைக்கு மேலே சொம்பை ஒரு உதறு, ஒரு சிரிப்பு, சந்தனக் கிண்ணத்தைப் பார்த்து ஒரு கை காட்டல். 'தம்பி என்ன மரியாதையான பிள்ளை' என்று ஒரு அம்மாள் சொல்லிக்கொண்டு போனாள். அந்த ஒரு சாயங்காலம்தான் பயமில்லாமல் மனிதர்களுக்கு நடுவில் நின்றது. அந்த வேலையை இப்போது இந்தப் பொம்மை பார்க்கிறது, நன்றாகத்தான் பார்க்கிறது. அதற்கு அடுத்து ஒரே நிறத்தில் சேலை கட்டிய இரண்டு பெண்கள், வெல்கம் சார், வெல்கம் மேம் என்று சொல்லிச் சின்ன மண்தொட்டியில் துளசிச் செடி கொடுப்பதற்கு. தாம்பூலப் பைக்குப் பதிலாகச் செடி. எல்லாவற்றுக்கும் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் உண்டு, நன்றியுரைக்கு மட்டும் கிடையாது.

"அங்கிள், இங்கதான் இருக்கீங்களா? உங்களுக்குக் காலர் மைக் வேணுமா, கை மைக்கா?"

நிகழ்ச்சியை நடத்துகிற ஷைலா, காதில் ஒரு கருவியும் கையில் ஒரு அட்டையுமாக. இருபத்தைந்து வயதிருக்கும், சென்னையிலிருந்து வந்தவள், நல்ல பெண், காலையிலிருந்து உட்காரவே இல்லை. அவர் கையைக் காட்டினார். "கை மைக். ஓகே அங்கிள். ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும், டென்ஷனே வேண்டாம், மனசுல இருக்கிறத அப்படியே பேசுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மனதில் இருப்பதை அப்படியே. மனதில் அவர் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார், உள்ளே ஒரு திக்கலும் கிடையாது, ஆறு மாதிரி ஓடும், எந்தக் கல்லூரி முதல்வரும் அப்படிப் பேச முடியாது. கல்லூரி முதல்வர் என்றதும் சம்பந்தியின் முகம் வந்தது. மாப்பிள்ளை பிரதாப்பின் அப்பா சொக்கலிங்கம் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர், பேச ஆரம்பித்தால் கேட்பவர்கள் காபியைக் கையிலேயே ஆறவிடுவார்கள். அவருக்குத் தெரியாது. அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று காலையில் வடிவு அடுப்படியில் நின்று சொன்னாள்: "தப்பா எடுத்துக்கிடாதிய. இது முடியுத வரைக்கும் நீங்க பேசாண்டாம். அருணாசலம் பேசிக்கிடுவான். பேரப் பிள்ளைகளுக்கு வந்துரும்னு நெனச்சுட்டாவன்னா?" தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மச்சினன் அருணாசலம்தான் இருபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டின் வாய். வாசுகியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அவன், வீடு பார்த்தது அவன், நிச்சயதார்த்தத்தில் பேசியதும் அவன். கோமதிநாயகம் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டும் தலையாட்டிக்கொண்டும் இருந்தார். 'உங்க அத்தான் ரொம்ப அமைதியானவர், இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷரப் பாக்க முடியாது' என்று சொக்கலிங்கம் மெச்சிக்கொண்டார். அந்த மெச்சல் எட்டு மாதமாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கிறது. அழைப்பு வைக்கிற சமயத்திலும் தப்பித்தார். முன்பெல்லாம் என்றால் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து அழைத்தாக வேண்டும். இப்போது வாட்ஸ்அப். முந்நூறு பேருக்கு அவர் கட்டைவிரலாலேயே அழைப்பு அனுப்பினார், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இரண்டு வரி அன்பாக எழுதி. 'உன் எழுத்தப் படிச்சு அழுதுட்டேண்டா' என்று பழைய சிநேகிதன் பதில் போட்டான். எல்லாப் புது வழக்கத்தையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இது, இது. முந்நூறு பேருக்கு முன்னால் வெளிச்சத்தைப் போட்டு, படம் பிடித்துக்கொண்டு. படம் அழியாது. அவர் செத்த பிறகும் அந்தப் படத்தில் அவர் வாயைத் திறந்துகொண்டு நிற்பார், ப ப ப என்று.

ஏழு ஒன்பது. கேக் வெட்டிவிட்டார்கள், கைத்தட்டல் கேட்டது. நாக்கின் அடியில் கசப்பு ஊறியது, வசம்புக் கசப்பு. அம்மா செவ்வாய்க்கிழமைதோறும் வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தேய்ப்பாள், நாக்கு திருந்தும் என்று. ஐம்பது வருஷமாகிவிட்டது, பயம் வந்தால் அந்தக் கசப்பு இன்றைக்கும் வந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பில் வருகை எடுக்கும்போது பிரசண்ட் சார் என்று சொல்ல வேண்டும். ப்ரவில் உதடு ஒட்டிக்கொள்ளும். கையைத் தூக்குவார். 'வாயில என்னலே கொழுக்கட்டையா' என்று வாத்தியார் கேட்பார், வகுப்பு சிரிக்கும், வாத்தியார் 'வரவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அடுத்த பெயருக்குப் போகுமுன் ஒரு நொடி இருக்குமே, சிரிப்பு எழும்புவதற்குச் சற்று முன்னால், எல்லா முகமும் திரும்பி வாயையே பார்க்கும். அந்த ஒரு நொடிக்குப் பயந்துதான் மொத்த வாழ்க்கையையும் வளைத்து வளைத்துக் கொண்டுபோனது. தண்ணீர் என்று கேட்காமல் வெந்நீர் என்று கேட்டு, வெந்நீரும் வராத நாளில் தாகத்தோடு இருந்து, பஸ்ஸில் போக வேண்டிய ஊரின் பெயர் வராததால் வாயில் வருகிற ஊருக்கு டிக்கெட் எடுத்து அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்து. வடிவின் அம்மா பெயரைத்தான் குழந்தைக்கு வைக்க வேண்டும் என்று வடிவு அழுதாள், பகவதி என்று. அவர் ஒரே பிடியாக மாட்டேன் என்றார். காரணம் கேட்டாள், சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைக் கூப்பிட முடியாமல் வாழ்நாள் முழுவதும் நிற்க வேண்டுமே என்று எப்படிச் சொல்வது? வாசுகி வரும். வா என்று வாயைத் திறந்தால் காற்று தானாகப் போகும். மாமியார் சாகும்வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வடிவிடமும்தான் சொல்லாமல் கட்டிக்கொண்டது, பெண் பார்க்கப் போன அன்றைக்கும் அவர் அமைதியான மாப்பிள்ளை. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, 'முதல்லயே சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன்' என்றாள். அதைச் சொன்ன அதே வடிவுதான் இப்போது.

"என்னங்க இப்படி வேர்த்துக் கொட்டுது?" வடிவே எதிரில் நின்றாள், பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் அருணாசலம். "சொல்லுதேனேன்னு பாக்காதிய, நெஞ்சு வலின்னு சொல்லி உள்ள போய்ப் படுத்துக்கிடுங்க."

"நான் பேசிருதேன் அத்தான்" என்றான் அருணாசலம். "ஆனா சம்பந்தி விட மாட்டேங்காரு. என் பேச்சைத்தான் எட்டு மாசமா கேட்டுட்டாங்களாம், இன்னைக்கு அத்தான் பேச்சைத்தான் கேக்கணுங்காரு. நான் மேடையிலயே பக்கத்துல நிக்கேன். நீங்க வணக்கம் மட்டும் சொல்லுங்க. மாட்டிக்கிட்டா எங்கிட்ட மைக்கைத் தந்துருங்க."

அவர் தலையாட்டினார். தலையாட்டுவது எப்போதும் எளிது. நெஞ்சு வலி என்று சொல்லிவிடலாம், அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் போன வாரம் கேட்டது காதை விட்டுப் போகவில்லை. குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார், வாசுகியின் அறைக்குள்ளிருந்து ஷைலாவின் குரல் போனில் சத்தமாகக் கேட்டது: 'தாங்க்ஸ் சொல்றது அப்பாவா மேம், மாமாவா?' வாசுகி யோசிக்கவே இல்லை. 'அப்பா பேசுவாங்க' என்றாள். யோசிக்கவே இல்லை என்பதுதான் அவரை ஏழு ராத்திரி புரட்டியது. மறந்துவிட்டாளா? அவளிடம் அவ்வளவாகத் திக்காததால், வெளியில் அப்பா எப்படி என்று அவளுக்குத் தெரியாமலே போய்விட்டதா? இல்லை, எல்லார் மாதிரியும் தனக்கும் ஓர் அப்பா வேண்டும் என்று ஆசைப்படுகிறாளா, ஒரு நாளைக்கு மட்டுமாவது? கேட்டிருக்கலாம். கதவுக்கு இந்தப் பக்கம் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, கேட்காமல் வந்துவிட்டார். கேட்டு, அவள் 'ஆமாப்பா, எனக்கு ஆசையா இருக்கு' என்று சொல்லிவிட்டால்?

அதனால் அன்றிரவே ஒரு பேச்சு எழுதினார். க இல்லாமல், ச த ப இல்லாமல், ஒரு சொல்லும் அந்த எழுத்துகளில் தொடங்காமல். வணக்கம். எங்கள் அழைப்பை ஏற்று வந்த அனைவருக்கும் எங்கள் நன்றி. பிரதாப் என்று வரக் கூடாது, மாப்பிள்ளை. சம்பந்தி வரக் கூடாது, மாப்பிள்ளை வீட்டார். பெரியவர்கள் வரக் கூடாது, மூத்தவர்கள். ஆசீர்வாதம் வரும், வாழ்த்து அதைவிட நன்றாக வரும். கடைசியில்தான் இடித்தது. யார் வீட்டுக் கல்யாணமானாலும் வாய் திறந்து சொல்லியே ஆக வேண்டிய ஒரே வரி அதுதானே, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சா. போ. விருந்து உண்டு மகிழுங்கள் என்று எழுதிப் பார்த்தார், நாடகத்தில் ராஜா பேசுகிற மாதிரி இருந்தது, இருக்கட்டும். முப்பத்தோரு சொல். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நூறு தடவை சொன்னார், நூறு தடவையும் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. குளியலறையில் எப்போதும் வரும். வணக்கம், எங்கள் அழைப்பை, எங்கள் அழைப்பை, அடுத்தது என்ன? ஏழு இருபத்தாறு. ஏற்று. ஏற்று வந்த. ஐயோ, மறந்தால்கூடப் பரவாயில்லை, மறந்துபோனவனைப் பார்த்து யாரும் பரிதாபப்பட மாட்டார்கள். உள்ளே பாட்டு அதிர்ந்தது, தரை வழியாக உள்ளங்கால் வரை ஏறியது. யாரோ வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், அவர் சிரித்தார், யார் என்று தெரியவில்லை, முகங்கள் எல்லாம் ஒரே முகமாக, ஒரே முகத்தில் ஒரே காத்திருத்தலாகத் தெரிந்தன. ஓடிவிடலாம். வாசல் இதோ. செருப்புக்கூடக் காலில்தான் இருக்கிறது. வெளியே போய் இடது பக்கம் திரும்பினால் பஸ் நிறுத்தம், ஏதாவது ஒரு பஸ். பெண்ணின் வரவேற்பில் அப்பாவைக் காணோம் என்றால் அதையும் படம் பிடிப்பார்கள். பாட்டு நின்றது. பாட்டு நின்றதும் அவருக்குள் எல்லாமே நின்றது.

"அடுத்ததா, நம்ம எல்லாரையும் வரவேற்க வாசல்லயே நின்னுட்டு இருக்கிற, நம்ம வாசுகியோட அப்பா!" ஷைலாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. வெளிச்சம் வந்து மூஞ்சியில் அறைந்தது.

எப்படி நடந்தார் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. மேடைப் படிகள் நான்கு. மைக் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது, ஷைலாவின் உள்ளங்கைச் சூடு அதில் இருந்தது. இடது பக்கம் அருணாசலம். வலது பக்கம் மாலையோடு வாசுகியும் பிரதாப்பும், அவர்களுக்கு அடுத்து சொக்கலிங்கம் கைகளைக் கட்டிக்கொண்டு, ஆசையோடு கேட்கத் தயாராக. "வணக்கம்" என்றார். வந்துவிட்டது. அவருடைய குரல் அவ்வளவு பெரிதாகச் சுவரில் மோதித் திரும்பி வந்ததைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். "எங்கள் அழைப்பை ஏற்று வந்த அனைவருக்கும் எங்கள் நன்றி." வந்துவிட்டது. கூட்டத்தில் வடிவு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. இவ்வளவுதானா, இவ்வளவுக்கா இத்தனை வருஷம், என்று ஒரு நினைப்பு ஓடியது, அந்த நினைப்பில்தான் கால் வழுக்கியிருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் என்று தொடங்கப் போனார். உதடுகள் மூடின. மூடியவை திறக்கவில்லை. ம. எப்போதும் வருகிற எழுத்து, அம்மா தந்த எழுத்து, அதுவும் கைவிட்டது. தாடை இறுகியது, கழுத்து நரம்பு புடைப்பது அவருக்கே தெரிந்தது, கண் தானாக இறுக மூடிக்கொண்டது. மைக் அவருடைய மூச்சை மட்டும் முந்நூறு பேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஒரு நொடி. மூன்று. ஆறு. இனி சிரிப்பு வரும்.

சிரிப்பு வரவில்லை. கைத்தட்டல் வந்தது. முதலில் ஒருவர், பிறகு பத்துப் பேர், பிறகு மண்டபமே. "அப்பா ரொம்ப எமோஷனல் ஆயிட்டாங்க!" ஷைலா இன்னொரு மைக்கில் சொன்னாள், அவள் குரலே உடைந்திருந்தது. "பொண்ணைப் பிரியுற அப்பாவுக்கு இன்னும் ஒரு தடவை கைத்தட்டுங்க!" பின்னணியில் யாரோ வயலினை ஓடவிட்டார்கள். சொக்கலிங்கம் வந்து அவர் தோளை அணைத்து, "அழுங்க சம்பந்தி, இந்தக் கண்ணீரைவிட நல்ல பேச்சு ஏது" என்றார். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அருணாசலம் கையை நீட்டி மைக்குக்காகக் காத்திருந்தான். முடிந்துவிட்டது, தப்பித்தாயிற்று. மைக்கைக் கொடுத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தால் போதும், கண்ணில் ஒரு சொட்டு இல்லாததை யாரும் பார்க்கப் போவதில்லை, சாகும்வரை அவர் அமைதியான மனிதர், மகளுக்காக மேடையில் அழுத அப்பா. கை நீளத்தான் செய்தது. அப்போதுதான் மகளைப் பார்த்தார். மண்டபத்தில் கைதட்டாமல் இருந்தது அவள் ஒருத்தி. கையைக் கீழே தொங்கவிட்டு, வீட்டில் சாப்பாட்டு மேசையில் அவர் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய சொல்லை அவள் ஒரு நாளும் எடுத்து முடித்து வைத்ததில்லை. வடிவு முடிப்பாள், அருணாசலம் முடிப்பான், கடைக்காரன்கூட முடிப்பான். மறக்கவில்லை இவள். ஒன்றும் மறக்கவில்லை. எவ்வளவு நேரமானாலும் நிற்பாள்.

மைக்கை அவர் கொடுக்கவில்லை. வாயருகே கொண்டுபோனார்.

"அ... அழுகை இல்ல" என்றார். கைத்தட்டல் தேய்ந்தது. "எ... எனக்குத் தி... தி... தி..." கண்ணைத் திறந்தே வைத்திருந்தார், முகங்களைப் பார்த்துக்கொண்டே. வயலினை யாரோ நிறுத்தினார்கள். "தி... திக்கும். சி... சின்ன வயசுலருந்து."

ஒரு சின்னக் குழந்தை பின்வரிசையில் சிரித்தது, யாரோ அதட்டினார்கள். மனப்பாடம் செய்தது முழுவதும் போய்விட்டது. வேறு வழியில்லாமல் எது வாயில் வந்ததோ அதையே பேசினார், க வந்தால் க, ப வந்தால் ப. மாப்பிள்ளையைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார், அதற்கே கால் நிமிடம் ஆனது. தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு நன்றி சொன்னார், சமையற்காரர்களுக்குச் சொன்னார், வடிவுக்குச் சொல்லும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். இரண்டு நிமிடப் பேச்சு ஆறு நிமிடத்துக்கு மேல் போனது. முன்னால் இருந்தவர்களில் சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் செல்போனை எடுத்தார்கள், எழுந்து பந்திக்குப் போனவர்களும் உண்டு. முடித்தபோது கைத்தட்டல் முன்னைவிடக் குறைவாகத்தான் இருந்தது. பயம் ஒரு துளி குறையவில்லை. பேசி முடித்த பிறகு அதிகமாகக்கூட ஆயிற்று.

மைக்கை ஷைலாவிடம் கொடுத்துத் திரும்பியபோது சொக்கலிங்கம் எதிரே நின்றார். படம் எடுத்துக்கொள்ள வரிசை ஏறத் தொடங்கியிருந்தது. அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளைகளுக்கு வருமா, இது?"

வராது என்பதில் வ இருக்கிறது, சுலபமாக வரும்.

"வரலாம்" என்றார் கோமதிநாயகம். "என் தா... தாத்தாவுக்கும் உண்டு."

சொக்கலிங்கம் தலையை ஆட்டினார், எதற்கு என்று தெரியவில்லை. வரிசையில் முதலில் நின்ற குடும்பம் மேடைக்கு வந்து மணமக்களுக்கு இரண்டு பக்கமும் நின்றது. புகைப்படக்காரர் எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொன்னார், சம்பந்திகள் இருவருடைய தோளும் ஒட்டிக்கொண்டன.

"எட்டு மாசம்" என்றார் சொக்கலிங்கம், காமிராவைப் பார்த்துக்கொண்டே. "எத்தனை தடவை ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டிருக்கோம். ஏன் சம்பந்தி சொல்லல?"

பதில் தெரிந்திருந்தது, தொண்டையில் தயாராக இருந்தது, வருவதற்குத்தான் நேரமானது. உதடுகள் ஒட்டிப் பிரிந்து ஒட்டின. காமிரா இரண்டு முறை மின்னியது. அந்தக் குடும்பம் இறங்கிப் போய் அடுத்த குடும்பம் ஏறியது. சொக்கலிங்கம் முகத்தைத் திருப்பி அவர் வாயையே பார்த்தார், பிறகு அவர் கண்ணைப் பார்த்தார், நின்றார்.

"ப... ப... ப... பயம்" என்றார் கோமதிநாயகம்.